கீழே போனது மேலே வரும்

உலகத்தில் நியாயம் கேட்க எத்தனையோ வாசல் இருக்கலாம். வாரண்ட் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு ஒரே வாசல்தான். அது ஆறாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், குட்டியின் மேசைமேல் இருக்கும் போன். முப்பது வயது தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே தேவைப்படவில்லை. "வாடிக்கையாளர் சேவை, வணக்கம்" என்றால் போதும்.

வாரண்ட் என்றதும் போலீஸ்காரர் கையில் கொண்டுவருவதை நினைத்து அவளுடைய அக்காகூட முதலில் பதறினாள். இது அதில்லை, சந்தையில் விற்கிற சீட்டு. ஒரு கம்பெனியின் பங்கை இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வங்கி எழுதிக் கொடுக்கும் உரிமை. பங்கை வாங்க வக்கில்லாதவன் சீட்டை வாங்கலாம், அவ்வளவு மலிவு. பங்கு ஒரு படி ஏறினால் சீட்டு நாலு படி தாவும். தாவும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தேதி முடிந்தால் சீட்டு பொட்டலம் கட்டக்கூட உதவாது என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். சீட்டை அச்சடிப்பது வங்கி, அன்றாடம் அதற்கு விலை சொல்வதும் அதே வங்கி, திரும்ப விற்கப் போனால் வாங்கிக்கொள்ள வேண்டியதும் அதே வங்கி. வேலிக்கு ஓணான் சாட்சி. குட்டி வேலை பார்த்த தரகுக் கம்பெனி அந்த வங்கியின் செல்லப்பிள்ளை.

அன்று காலை ஓர் அம்மாள் போன் செய்தார்.

"நான் வாங்கினது சர்க்கரை ஆலையோட வாரண்ட்மா. பங்கு நேத்து ஏறிச்சு, இன்னிக்கும் ஏறிச்சு. வாரண்ட் மட்டும் எறங்கிட்டே போகுதே, ஏன்? பள்ளிக்கூடத்துல ஆயுசு பூரா கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். இந்தக் கணக்கு எனக்கே வரலையே."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. யார் எந்த வருத்தத்தோடு கேட்டாலும் அதிலிருந்து எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். குட்டி வாசித்தாள்.

"காலத் தேய்மானம் காரணமாக வாரண்டின் மதிப்பு குறையக்கூடும் மேடம். இது இயல்பானது."

"தேயறது சரி. தேஞ்சது யாருக்கும்மா போகுது?"

நல்ல டீச்சராகத்தான் இருந்திருக்க வேண்டும், கேள்வி அப்படி. தாளில் அதற்குப் பதில் இல்லை. குட்டியின் வாயில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?" என்றாள்.

போனை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிரிப்பு. சம்பளத்தைக் குறைக்கும்போதும் அதே சிரிப்பு, ஆளை அனுப்பும்போதும் அதே சிரிப்பு. இன்றைக்குக் கையில் சுருட்டிய சுவரொட்டி ஒன்று வைத்திருந்தார்.

"உங்க அக்கா வீட்டுக்காரராமே! சொல்லவே இல்லையே!"

விரித்தார். குட்டியின் அத்தான் ஆளுயரத்துக்கு நின்றார். நீல வேலைச் சட்டை, கையில் ஸ்பேனர், படம் எடுக்கும்போது எப்போதும் விறைத்துக்கொள்கிற அந்தக் கழுத்து. தலைக்கு மேலே, 'லிஃப்ட் மெக்கானிக். செய்த வியாபாரம் எல்லாம் லாபம். இவரால் முடிந்தால் உங்களாலும் முடியும்!' காலுக்குக் கீழே, எறும்பு மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பணத்தை இழக்கிறார்கள் என்று சட்டத்துக்காக ஒரு வரி.

"வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம். அவர்தான் பேசறார். கோட்டுப் போட்டவன் சொன்னா எவன்மா நம்பறான் இப்பல்லாம்? ஸ்பேனர் பிடிச்ச கை சொல்லணும்." சிரித்தார். "கணக்குத் திறக்கற ஃபார்ம் மேசைல நீங்க உக்காருங்க. குடும்பமா இருந்தா நல்லாருக்கும்."

அத்தானின் கணக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கணக்குத் திறந்த புதிதில் வீட்டுக்கு வந்தவளிடம் அவரே பெருமையாகத் திறந்து காட்டியிருந்தார். கொஞ்சம் ஏறினதை எல்லாம் உடனே விற்றுக் காசாக்கியிருந்தார். இறங்கினதை ஒன்றுகூட விற்கவில்லை. விற்றால்தானே நஷ்டம் என்று எழுதப்படும்? விற்காத நஷ்டம் 'செய்த வியாபாரத்தில்' சேராது. அருகருகே இருக்கிற லாபம், நஷ்டம் இரண்டையும் இந்த அலுவலகமும் பார்க்கிறது. ஒன்றைச் சுவரில் ஒட்டுகிறது, ஒன்றின்மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக்கூட மன்னிக்கலாம். இவர்கள் அந்தச் சோற்றையே நாலு பேருக்குப் பரிமாறக் கிளம்பிவிட்டார்கள்.

மாலையில் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கதவில் மஞ்சள் போர்டு தொங்கியது: 'பழுது. ஏறாதீர்கள்.' வாத்தியார் பிள்ளை மக்கு என்பது போல மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. உதிரி பாகம் வாங்கித் தரக் கட்டடச் சொந்தக்காரருக்கு மனம் வரவில்லை. போர்டை மாட்டியது அத்தான்தான், அவர் வேலைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். கழுத்தில் டை கட்டிய ஒருவர் போர்டுக்கு நேர் எதிரே நின்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். குட்டி படியேறினாள். அத்தான் சாப்பிடும்போது அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. "போர்டு மாட்டினாலும் ஒருத்தன் வந்து அமுக்கிப் பாப்பான். படிச்சவன் ரெண்டு தடவை அமுக்குவான்."

மேலே போனால், அத்தான் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டை இஸ்திரியைப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வா குட்டி, நல்ல நேரத்துல வந்த. இந்த எடத்துல நிறுத்திப் பேசணுமா, ஒரே மூச்சுல போகணுமா?"

"பேசவே வேண்டாம் அத்தான்."

சட்டையின் கைமேல் இஸ்திரிப்பெட்டி நின்றது.

"சிமெண்ட் கம்பெனி வாரண்ட் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேனாவா? எறங்க எறங்க வாங்கிச் சேத்திருக்கேன். எத்தன கட்டடம் மேல போகுது தெரியுமா ஊர்ல? ஒவ்வொண்ணுக்கும் நாந்தானே லிஃப்ட் மாட்டறேன், எனக்குத் தெரியாதா? சிமெண்ட் ஏறாம எங்க போகும்?"

"ஏறட்டும். உங்க சீட்டுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அதுல எழுதியிருக்கற விலை மாடி உசரத்துல இருக்கு, பங்கு தரையில நிக்குது. மூணு நாள்ல அவ்வளவு தூரம் ஏறாது. இப்பவே விக்கப் பாருங்க."

அத்தான் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இத்தன வருஷம் நான் லிஃப்ட்டோட குடும்பம் நடத்தறேன். கீழ போனது மேல வராம எங்கயாவது நின்னு பாத்திருக்கியா? பொறுமையா நிக்கணும், அவ்வளவுதான். நடுவுல குதிச்சவன்தான் காலை ஒடைச்சுக்குவான்."

இந்த உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு காரணம் சொல்லிப் பணத்தை விட்டிருக்க மாட்டான். கடைக்காரனுக்குச் சரக்கு அழுகும் என்று தெரியும், விவசாயிக்குப் பருவம் தப்பும் என்று தெரியும். லிஃப்ட்காரனுக்கு மட்டும் கீழே போனது மேலே வந்தே தீரும். அவர் தொழிலில் அது உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் ஊரே ஏறி இறங்குகிறது.

"அவ சொல்றத விடுங்க," என்றாள் அக்கா. சட்டையை உதறி மாட்டினாள். "வருஷக்கணக்கா அங்க வேலை பாக்கறா. ஒருத்தன் அவள மேடைல ஏத்தல. உங்களக் கூப்பிட்டு ஏத்தறாங்க. அதான் இவளுக்குப் பொறுக்கல."

குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் படிப்புக்குப் பணம் கட்டியவர் இந்த அத்தான். இரட்டை ஷிப்ட் பார்த்துக் கட்டினார். அந்த மனிதரின் பெயர் கெட வேண்டும் என்று நினைப்பாளா அவள்?

"உங்க காசு போனா உங்களோட போகுது அத்தான். மத்தவங்க?"

அத்தான் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அதத்தான் சொல்ல வந்தேன். எங்க மெக்கானிக் சங்கத்துக்காரங்க எல்லாரும் கூட்டத்துக்கு வராங்க. விபத்து நிதி வங்கியில சும்மா தூங்குதுல்ல? என் பேச்சக் கேட்டுட்டு, அன்னிக்கே ஓட்டெடுத்து இதுல போடறதாப் பேச்சு. நாந்தான் பாத்துக்கணுமாம்."

விபத்து நிதி என்றால் குட்டிக்கு ஒரு முகம்தான் நினைவுக்கு வரும். அத்தானோடு ஜோடியாக வேலை பார்த்தவர். கம்பிக் கயிறு ஓடும் சக்கரம் அவருடைய இடது கையில் நாலு விரலைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஆறு என்பதால் கூட்டாளிகள் ஆறுவிரல் என்று கூப்பிடுகிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டு திரும்புகிறார். மெக்கானிக்குகளின் வேடிக்கை அப்படித்தான். ஆனால் மாதம் பிறந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த நிதியில்தான்.

"ஆறுவிரல் அண்ணன் வயித்துலயா கை வைக்கப் போறீங்க?"

"குட்டி!" அத்தான் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அவன் சோத்துல மண்ணப் போடுவேனா நான்? அவனுக்கு இன்னும் நாலு காசு சேரட்டும்னுதானே இதெல்லாம்?"

அதற்குமேல் பேச்சு எடுபடவில்லை. திரும்பும்போது கீழே பட்டனை அமுக்கியவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சிமெண்ட் கம்பெனிக்கு ஏதோ பெரிய ஒப்பந்தம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பங்கு ஏறியது. குட்டியின் போன் அடித்தது.

"வாடிக்கையாளர் சேவை, வணக்கம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

"வணக்கம் மேடம்," என்றது குரல். அத்தானின் குரல். அத்தான் அவளை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் தாளின் குரலில் யார் பேசினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "சிமெண்ட் பங்கு நல்லா ஏறியிருக்கு மேடம். என் வாரண்ட் அசையவே இல்ல. சரி, கொஞ்சம் வித்துப் பாக்கலாம்னு போனா, வாங்கறவங்க எடத்துல ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு. மெஷின் கோளாறா?"

இரண்டு மேசை தள்ளி மேற்பார்வைக்காரி காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். குட்டி வாசித்தாள்.

"குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விலை இறங்கிய வாரண்டுகளை வாங்கிக்கொள்ள வெளியீட்டாளருக்குக் கட்டாயம் இல்லை சார்."

"வெளியீட்டாளர்னா வங்கிதானே? அச்சடிச்சு வித்தது அவங்கதானே?"

"ஆமாம் சார்."

"எப்ப வேணா வாங்கிக்கறோம்னு சொன்னாங்களே மேடம். அப்ப நான் யார்கிட்ட விக்கறது?"

"காலத் தேய்மானம் காரணமாக..." என்று ஆரம்பித்தாள் குட்டி. அடுத்த சொல் வரவில்லை. அந்த மனிதர் அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுக் கையசைத்துப் போன காலைவேளைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

"குட்டி?" என்றது போன், மெதுவாக. "நீயா பேசற?"

"நாந்தான் அத்தான்."

"இவ்வளவு நேரம் என்ன சார்னா கூப்பிட்ட?"

தாளைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவினாள். எழுந்து நின்றாள். "அத்தான், பதிவாகுது, பதிவாகட்டும். உங்க வாரண்ட வாங்க யாரும் வர மாட்டாங்க. நாளைக்கு அது குப்பை. நாளைக்குக் குப்பைன்னு தெரிஞ்சுதான் இன்னிக்குக் கூட்டம் வெச்சிருக்காங்க. சனிக்கிழமை வெச்சா நீங்க மேடை ஏற மாட்டீங்க, அதனால வியாழக்கிழமை. உங்களுக்கு நான் சொல்றது கேக்குதா?"

மறுமுனையில் எங்கோ கம்பிக் கயிறு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் அறையில் நிற்கிறார் போல.

"வீட்டுக்குன்னு வெச்ச முன்பணம் மொத்தமும் அதுலதான் குட்டி," என்றார். "உங்க அக்காவுக்குத் தெரியாது."

வைத்துவிட்டார்.

மேற்பார்வைக்காரி போன வேகத்தில் மேனேஜர் சிரிப்பு வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"நாளைக்கு வந்து உங்க சம்பளக் கணக்க முடிச்சுக்கோங்க. இன்னிக்கு மட்டும் ஃபார்ம் மேசைக்கு ஆள் இல்ல. இருந்து குடுத்துட்டுப் போங்க."

"அந்த ஆளோட பணம் பூராவும் நாளைக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"விக்காத வரைக்கும் நஷ்டம் இல்லம்மா. அவரே சொல்றாரு."

குட்டி வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்கு அடிக்கத் தோன்றியது. ஓநாய்கூட ஆடு நனைகிறதே என்று அழுவது போலப் பாசாங்காவது செய்யுமாம். இந்த ஆளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. போய்விடலாம் என்றுதான் பார்த்தாள். ஆனால் அத்தான் மேடையில் என்ன பேசப் போகிறார் என்று தெரியாமல் எப்படிப் போவது? காசு போனது போய்விட்டது. நாளைவரை யாருக்கும் தெரியாது. இன்று ஒரு மணி நேரம் சொன்னபடி பேசிவிட்டால் மானம் தப்பும், அக்காவிடம் பெயர் தப்பும், கைதட்டல்கூட கிடைக்கும். மானத்துக்குப் பயந்து மனிதன் என்னதான் செய்ய மாட்டான்? அவருடைய வாயில்தான் இன்றைக்கு ஆறுவிரலின் அடுப்பு இருந்தது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைக்காரர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பையன்கள். பேப்பர் கப்பில் டீ, ஆளுக்கு இரண்டு பிஸ்கட். ஆளைச் சுரண்டுவதற்கு முன்னால் டீயாவது கொடுக்கிறார்களே. வாசலை ஒட்டிக் குட்டியின் மேசை, அதன்மேல் கணக்குத் திறக்கும் ஃபார்ம் கட்டுக்கட்டாக. முதல் வரிசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் மெக்கானிக்குகள், அவர்களுக்கு நடுவே ஆறுவிரல், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. நண்பனின் பேச்சுக்காகப் புதுச் சட்டை.

அத்தான் வேலைப் பையோடு மேடை ஏறினார். கருவிகளோடு வர வேண்டும், அதுதான் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னது சிரிப்புதான். பையைக் காலடியில் வைத்தார். தாளைப் பிரித்தார். குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் லிஃப்ட் மெக்கானிக். எழுதிக் குடுத்தத அப்படியே படிக்கறேன். 'நான் செய்த வியாபாரம் எல்லாம் லாபம்.'"

மண்டபம் கைதட்டியது. முடிந்தது, என்று நினைத்தாள் குட்டி. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கை தட்டாதீங்க," என்றார் அத்தான். "இது பொய் இல்ல. அதுதான் இதுல கெட்டிக்காரத்தனம். வித்ததெல்லாம் லாபம்தான். நஷ்டமானத நான் விக்கவே இல்லியே! வெச்சிருந்தேன். கீழ போனது மேல வரும்னு வெச்சிருந்தேன். எங்க வீட்டுக்குச் சேத்த பணம் முழுசும் அதுல இருக்கு. நாளைக்கு அது குப்பை. இன்னிக்கு விக்கலாம்னு போனா, வித்தவனே வாங்க மாட்டேங்கறான்."

அக்காவின் நிமிர்ந்த முதுகு அப்படியே நின்றது. அத்தான் அவளைத்தான் பார்த்துப் பேசினார்.

"என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் இப்பத்தான் தெரியும். வீட்டுக்குப் போனா எனக்கு இருக்கு." ஓரிருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கீழ போன லிஃப்ட் எப்படி மேல வருதுன்னு எனக்குத் தெரியணுமில்லியா? கயிறு இருக்கு, அதனால வருது. அந்தக் கயித்த நான் தடவிப் பாத்து, ஒரு இழை பிரிஞ்சாக்கூட மாத்தறேன். இங்க கயிறு யார் கையில இருக்குன்னு நான் ஒரு நாள் கேட்டேனா? தினம் ஒரு முழம் வெட்டியிருக்காங்க. வெட்டறதுக்குத் தேய்மானம்னு பேரு."

சிரிப்பு மேடைக்கு ஓடி வந்தார். "சார் உணர்ச்சிவசப்பட்டு..."

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் அத்தான். "நீங்க உங்க சொந்தக் காசுல இத வாங்கியிருக்கீங்களா?"

"ஊழியர்கள் வாங்க விதிமுறை அனுமதிக்காது சார்."

"சமைக்கறவன் சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கற ஓட்டல்லயா எங்களச் சாப்பிடக் கூப்பிட்டீங்க?"

குனிந்து பையைத் திறந்தார். ஸ்பேனரை எடுப்பார் என்று பயந்து சிரிப்பு ஓரடி பின்வாங்கினார். அத்தான் எடுத்தது மஞ்சள் போர்டை. அதன் சங்கிலியை மைக்கின் கழுத்தில் மாட்டினார். நேராகத் தொங்குகிறதா என்று ஒரு தரம் பார்த்துத் திருப்பிவிட்டார், தொழில் பழக்கம். 'பழுது. ஏறாதீர்கள்.'

மண்டபம் சிரித்தது. ஆறுவிரல் மட்டும் எழுந்து நின்றார்.

"சங்கத்து ஓட்டு இப்பவே எடுத்துடலாம்," என்றார். "நிதி இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க." முதலில் அவர் தூக்கினார். இடது கையைத்தான் தூக்கினார், கட்டைவிரல் மட்டும் நிற்கிற அந்தக் கையை. ஒவ்வொரு கையாகப் பின்னால் எழும்பியது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்கா எழுந்து மேடைப்படி ஓரத்துக்குப் போனாள். அத்தானின் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்றாள். அந்தக் குரலைக் கேட்டால் சிங்கம்கூட வீட்டுக்குப் போகப் பயப்படும். ஆனால் அவருடைய கையை அவள் விடவில்லை.

வாசலைத் தாண்டும்போது குட்டியின் மேசை முன்னால் நின்றாள். "அன்னிக்குச் சொன்னது தப்புடி," என்றாள். "வா, போலாம்."

"நீங்க முன்னால போங்கக்கா. வரேன்."

இத்தோடு கதை முடிந்திருந்தால் குட்டிக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். ஆனால் சிரிப்பு என்றால் சும்மாவா? அவர் போர்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்கு மேலே தலையை நீட்டி, மைக்கில், அதே சிரிப்போடு பேசினார். "பாத்தீங்களா? முறையாக் கத்துக்காம இறங்கினா இப்படித்தான். இந்த நண்பருடைய அனுபவம் நமக்கெல்லாம் பாடம். அதுக்காகத்தான் எங்க இலவசப் பயிற்சி வகுப்பு! இன்னிக்கே கணக்குத் திறக்கறவங்களுக்கு முன்னுரிமை!"

மெக்கானிக்குகள் போய்விட்டார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். வாசலுக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். அவள் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

எத்தனை பெரிய அநியாயம் இது! அடிபட்டவனை மேடையில் நிறுத்திக் காட்டியாயிற்று, கயிற்றை வெட்டுகிறவன் கையைக் காட்டியாயிற்று, போர்டும் மாட்டியாயிற்று. ஆளுக்கு ஆள், அவனுக்குச் சாமர்த்தியம் பத்தவில்லை, எனக்குப் பத்தும் என்று நிற்கிறார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்னவனைத் திட்டுவதா, தட்டை நீட்டுகிறவர்களைத் திட்டுவதா? தட்டை நீட்டுகிறவனுக்கு வீட்டில் ஏதோ ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை மோப்பம் பிடித்து டீயும் பிஸ்கட்டும் கொண்டுவருகிறவனைத்தான் குட்டி திட்டினாள், மனதுக்குள், ஒரு வசவு மிச்சமில்லாமல்.

வரிசையில் முதலில் நின்றது ஒரு வயதான அம்மாள். வெள்ளைத் தலை, தோளில் துணிப்பை, ஃபார்ம் நிரப்பத் தயாராகச் சொந்தப் பேனா.

"வேண்டாம் மேடம்," என்றாள் குட்டி.

"கடைசியா மைக்ல பேசின பையன் சொன்னது நியாயம்தாம்மா. ஏற்கெனவே இங்க ஒரு கணக்கு இருக்கு எனக்கு, அதுல விட்டுட்டேன். வேற ஒண்ணு திறந்து, முறையாக் கத்துக்கிட்டு, விட்டத மட்டும் எடுத்துட்டு..." அம்மாள் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "இந்தக் குரல் எனக்குத் தெரியுமே. காலத் தேய்மானம்! நீதானே அது?"

"நாந்தான் டீச்சர்."

"தேஞ்சது யாருக்குப் போகுதுன்னு கேட்டேனே."

"வங்கிக்கு டீச்சர். எழுதிக் குடுத்தவங்களுக்கு. அதுல எங்களுக்கும் ஒரு பங்கு."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமேம்மா." திட்டவில்லை. பரீட்சையில் தெரிந்த விடையை எழுதாமல் வந்த பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"சொல்லாம இருக்கத்தான் டீச்சர் எனக்குச் சம்பளம்."

அம்மாள் ஃபார்மைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார், பேனாவை மூடிப் பையில் போட்டார், வரிசையிலிருந்து விலகினார்.

அடுத்து நின்றவர் அந்தக் காலி இடத்துக்கு ஓரடி வைத்து வந்தார். மேடையில் தொங்குகிற போர்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பார்த்தால் படித்தவர் மாதிரி இருந்தார். இரண்டு ஃபார்ம் கேட்டார்.